என் பக்கத்து வீட்டு வெளிநாட்டு அதிகாரி

செவ்வாய்க்கிழமை, விடாத மழை

அன்பு மகள் ஓத்திலியாவுக்கு,

உன் பெரியப்பா எவாரிஸ்தோ எழுதிக்கொள்வது. நானும் உன் பெரியம்மா ஹெர்லிந்தாவும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ வழக்கறிஞர். ஒரு கடிதத்தைப் பொய் வாக்குமூலத்தோடு தொடங்க எனக்குத் துணிவில்லை. அவள் சௌக்கியம், நான் வேலையில் இருக்கிறேன். தலைநகரில் குளிர் எப்படி, ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை காப்பியோடு படுத்துவிடுகிறாயா என்பதையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். பின்னால் அதற்கு இடம் இருக்காது.

விஷயம் நீளமானது. இலக்கண வாத்தியாராக இருந்த பழக்கத்தால் முதலில் பொருளடக்கம் தருகிறேன்.

1. நீ வாங்கிக் கொடுத்த வேலையும் அதில் நான் படும் பாடும்.
2. 'வெளிநாட்டு அதிகாரி' என்ற சொல்லின் பொருள். அது நம் பக்கத்து வீட்டு பொன்சியானோவுக்குப் பொருந்துமா என்பது.
3. ரொட்டிக் கூடை.
4. ஞானத்தகப்பனாக இருப்பதால் யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லை என்பதற்கான நிரூபணம்.
5. கோயில் வாசலில் காசு வீசியபோது நடந்தவை.
6. நீ எனக்குச் செய்ய வேண்டிய உதவி.

ஆறாவதை முதலில் வைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. மையில் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நம் ஊரில் எலுமிச்சையைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கூடத்தை எல்லைக்கு அந்தப் பக்கத்து வடக்கத்திக் கம்பெனி வாங்கியபோது, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நேர்மை அலுவலர் வேண்டும் என்றார்கள். நீ தொலைபேசியில், "பெரியப்பா, நீங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுற ஆளு, அந்த வேலைக்கு அதுதான் படிப்பு" என்று சொல்லி என் பெயரைக் கொடுத்தாய். அண்ணன் தம்பி பிள்ளை சிபாரிசில் வேலை வாங்குவது நேர்மைக் குறைவாகாதா என்று நான் கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை, சம்பளம் வந்தது. அவர்கள் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும், அதுதான் உன் பிழைப்பே. அவர்கள் கம்பெனி வேறு எந்த நாட்டு அதிகாரிக்கும் கையூட்டுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், அது நம் முற்றத்தில் நம் மொழியில் நம் எலுமிச்சை மரத்தடியில் நடந்திருந்தாலும், அங்கே அவர்களைக் கூண்டில் ஏற்றுவார்கள். நல்ல சட்டம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். இந்த ஊரில் லஞ்சத்துக்குக் 'கடி' என்று பெயர், கடிபடாத தோல் யாருக்கும் இல்லை. ஆகவே கம்ப்யூட்டரில் பாடம் படித்தேன், தேர்வு எழுதினேன், தோற்றேன். படத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் மீசை வைத்த ஒருவரிடம் உறையை நீட்டுகிறார். இதில் தவறு யாருடையது என்று கேள்வி. உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்துவிட்டது. மீசை வைத்தவர் ஒவ்வொரு படத்திலும் நம் ஆளாகவே இருந்தார் என்பதையும் கவனித்தேன். ஆனால் மீசையை நான் முப்பது வயதிலேயே எடுத்துவிட்டதால் புகார் செய்யும் தகுதி எனக்கு உண்டா என்பது தெரியவில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். பொன்சியானோ உஸ்கங்காவை உனக்கு நினைவிருக்கும். நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். வட்டாரத்துக்கு ஒரே பயிர்ப்பூச்சி ஆய்வாளர் அவர்தான். எலுமிச்சைப் பெட்டிகளைப் பார்த்து, பூச்சி இல்லை என்று முத்திரை குத்தினால்தான் லாரி எல்லையை நோக்கி நகரும். கம்பெனியின் விதிப் புத்தகத்தில், வெளிநாட்டு அதிகாரியோடு உறவு வைத்திருந்தால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு வெளிநாட்டார் யாரையும் தெரியாது என்று நிம்மதியாக எழுதிக் கொடுத்தேன். உடனே வடக்கிலிருந்து மிஸ் ஸ்ட்ராண்ட் கம்ப்யூட்டரில் முகம் காட்டினார். நேர்மை அலுவலர்களுக்கெல்லாம் தலைமை அவர். நம் மொழியைப் பள்ளியில் படித்தவர், என்னைவிடப் பொறுமைசாலி.

"எவாரிஸ்தோ ஐயா, அந்த ஆய்வாளரை உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மிஸ். ஆனா அவர் இந்த ஊர்க்காரர்."

"அதனாலதான் அவர் வெளிநாட்டு அதிகாரி."

"நானும் இந்த ஊர்தானே மிஸ்."

"நீங்க எங்க ஆளு."

இதை இலக்கண முறைப்படி எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான் வடக்கத்தி, அந்தப் பக்கம் இருக்கும் அவர் வெளிநாட்டார். சுவர் யாருடையது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துப் பொன்சியானோவிடமே சொன்னேன். அவர் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுக்காரனா, நானா? பக்கத்து மாநிலத்துக்குக்கூடப் போனதில்லையே வாத்தியாரே. அதுக்குப் படி ஏதாவது தருவாங்களா?"

"தந்தா அதுதான் குத்தம், பொன்சியானோ."

"அப்ப என்னத்துக்கு ஆக்கினாங்க?"

அரசுப் பள்ளி ஆசிரியரும் அந்தச் சட்டப்படி அதிகாரிதானாம். ஓய்வு பெறும்வரை நானே வெளிநாட்டு அதிகாரியாக இருந்திருக்கிறேன். எவரும் சொல்லாததால் அதன் மரியாதையை அனுபவிக்காமலே விட்டுவிட்டேன்.

மூன்றாவது, கூடை. பொன்சியானோவுக்கும் நெரெய்தாவுக்கும் எத்தனை வருடம் பிள்ளையில்லாமல் இருந்தது என்பது உனக்கும் தெரியும். நெரெய்தா முழங்காலாலேயே ஏறாத குன்றுக் கோயில் இந்த மாநிலத்தில் இல்லை. ஜனவரியில் அவர்களுக்குப் பெண் பிறந்தாள். ஹசிந்தா என்று பெயர். ஒரு சனிக்கிழமை இருவரும் தலை வாரி, சட்டை தேய்த்து, துணி மூடிய கூடையோடு வந்தார்கள். இனிப்பு ரொட்டி, சாக்லேட் கட்டி, ஒரு போத்தல் கரும்புச் சாராயம். பொன்சியானோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "வாத்தியாரே, இந்தப் பிள்ளைய நீங்கதான் தண்ணிக்கு மேல ஏந்தணும், இனிமே நீங்க எனக்கு வாத்தியாரில்ல, கொம்பாத்ரே" என்றார். பெற்ற தகப்பனும், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பனும் சாகும்வரை ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் அந்தச் சொல்லை, பிள்ளையே இல்லாத என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. உன் பெரியம்மா அழுதுகொண்டே ரொட்டியை வெட்டினாள். நானும் தின்றேன். தின்று முடித்து வாயைத் துடைத்த பிறகுதான் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். அதிகாரியிடமிருந்து பொருள் எதுவும் பெறக்கூடாது, பெற்றிருந்தால் தாமதமின்றித் திருப்ப வேண்டும் என்றிருந்தது. ரொட்டியைத் திருப்ப வழியில்லை. கூடை மட்டும் இருந்தது. தாமதமின்றி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கூடை வெறுமையாகத் திரும்பினால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது பத்து வயதுப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நான் நேர்மை அலுவலராக இருந்தேன். நெரெய்தா கூடையை வாங்கி, உள்ளே பார்த்து, ஒருவேளை அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவிழ்த்தும் பார்த்தாள்.

"எங்க பிள்ள வேணாங்கறீங்களா, வாத்தியாரே?"

"அப்படியில்ல அம்மா. விதிமுறை."

இதைவிடக் கேவலமான ஒரு வார்த்தை அன்று எனக்கு அகப்பட்டிருக்காது. வீட்டுக்கு வந்ததும் ஹெர்லிந்தா, "புஸ்தகமெல்லாம் படிக்கிற மனுசனுக்கு ஒரு கூடைய படிக்கத் தெரியலையா?" என்றாள். தாமலேக் கொழுக்கட்டை வேகவைத்து இலை மணக்க மணக்கக் கூடை நிறைய அடுக்கி, தானே சுமந்துகொண்டு போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள். அதிகாரி வீட்டுக்கு உணவுப் பண்டம் அனுப்பியது இரண்டாவது மீறல். அதையும் அறிக்கையில் எழுதினேன். சோளமாவு என்பதோடு நிறுத்தாமல் உள்ளே கோழி என்றும் எழுதினேன்.

பிறகு ஞானத்தகப்பனாக இருக்க முறைப்படி அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். அந்த விண்ணப்பம் முதலில் உள்ளூர் நேர்மை அலுவலருக்குப் போக வேண்டும் என்பது விதி. அது நான். விண்ணப்பதாரருக்கு அலுவலர் மிகவும் நெருங்கியவர் என்பதால், மிகுந்த வருத்தத்தோடு எனக்கு நானே மறுப்பு எழுதிக் கொடுத்தேன்; கோபம் வந்தது, மேல்முறையீடு செய்தேன். மிஸ் ஸ்ட்ராண்ட் மறுபடி முகம் காட்டினார்.

"இந்தக் குழந்தைக்காக நீங்க என்ன பொறுப்பு ஏத்துக்கறீங்க?"

"அவளோட விசுவாசத்துக்கு மிஸ்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நித்தியத்துக்கு."

அவர் எழுதிக்கொண்டார். "அதோட சந்தை மதிப்பு என்னன்னு தோராயமா சொல்ல முடியுமா?"

அவர் கெட்டவர் இல்லை, ஓத்திலியா. தன் பாட்டியும் ஏதோ ஒரு தேவாலயத்தில்தான் தனக்குத் தண்ணீர் ஊற்றவைத்தாள் என்று சொல்லி, கடைசியில் நிபந்தனையோடு சம்மதித்தார். ஞானத்தகப்பன் கோயில் வாசலில் பிள்ளைகளுக்குக் காசு வீசும் வழக்கத்தை நான்தான் மறைக்காமல் சொல்லித் தொலைத்தேன். வீசலாம், ஆனால் அந்தக் காசு எந்த அதிகாரிக்கோ அதிகாரியின் குடும்பத்தாருக்கோ போய்ச் சேரக்கூடாது என்று சொல்லி, அதற்கு என்னைப் பொறுப்பாக்கினார்.

இங்கே நான்காவது வர வேண்டும். ஆனால் காசு விஷயம் சூட்டோடு நினைவில் இருப்பதால் ஐந்தாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், மன்னித்துக்கொள்.

போன ஞாயிறு ஞானஸ்நானத்தில் மெல்க்கியாதெஸ் சாமியார் தண்ணீர் ஊற்றினார். ஹசிந்தா அழவில்லை, என் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் நான் எந்த நாட்டுச் சட்டத்துக்கும் உட்பட்டவனாக இருக்கவில்லை. வெளியே வந்தால் வாசல் முழுக்கப் பிள்ளைகள், "போலோ, ஞானப்பா, போலோ" என்று கத்திக்கொண்டு. போலோ என்பது அந்தக் காசு மழைக்குப் பெயர். நான் கையை உயர்த்தி அமைதி கேட்டு, அரசு வேலையில் இருப்பவர்களின் பிள்ளைகள் இடப்பக்கம், மற்றவர்கள் வலப்பக்கம் என்று அறிவித்தேன். இந்த ஊரில் யார் அரசு வேலையில் இல்லை என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். எண்ணெய்க் கிணறு அரசாங்கம், மின்சாரம் அரசாங்கம், ஆஸ்பத்திரி அரசாங்கம், பள்ளிக்கூடம் அரசாங்கம். கூட்டம் மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. வலப்பக்கத்தில் பலகாரக்காரியின் இரட்டைப் பிள்ளைகளும் ஒரு நாயும்தான்.

"எங்கப்பா கரண்டு கம்பத்துல ஏறுறவரு. அவரு அதிகாரியா?" என்று ஒருவன் கேட்டான்.

"சட்டப்படி ஆமா தம்பி, நீ தள்ளி நில்லு."

"கம்பத்துல ஏறினா அதிகாரியா? அப்ப எங்க வீட்டுப் பூனையும் அதிகாரிதான்."

அடுத்தவன், "எங்கப்பா ஜெயில்ல இருக்காரு" என்றான்.

அது நுட்பமான கேள்வி. "வேலை பாக்குறாரா, உள்ள இருக்காரா?"

"உள்ள இருக்காரு."

"அப்ப நீ முன்னால வா."

திருடன் மகனுக்கு முன்வரிசை, நர்ஸ் மகளுக்குப் பின்வரிசை என்றதும் தாய்மார்கள் பொங்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவர் விடாமல் தங்கள் முழங்கையைத் தட்டிக் காட்டினார்கள். நம் ஊரில் ஒருவனைக் கஞ்சன் என்று சொல்ல அதைவிடப் பெரிய வசவு கிடையாது. "முழங்கை ஞானப்பா, முழங்கை ஞானப்பா" என்று பாட்டே கட்டிவிட்டார்கள். பொன்சியானோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெர்லிந்தா என் கையிலிருந்த பையைப் பிடுங்கி, "இந்தா, எல்லா அரசாங்கமும் வாங்கிக்கோ" என்று ஒரே வீச்சில் வானத்துக்கு வீசினாள். காசு எந்தச் சட்டத்தையும் மதிக்காமல் எல்லாப் பக்கமும் உருண்டது. நான் இடப்பக்கம் உருண்டதைத் திரும்பச் சேகரிக்கக் குனிந்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய், என் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது.

இதை அப்படியே அறிக்கையாக எழுதி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். வரும் வெள்ளிக்கிழமைக்குள், வெளிநாட்டு அதிகாரியோடு உள்ள உறவை முடித்துக்கொண்டதற்கான சான்றை அனுப்ப வேண்டும், அல்லது பதவியை ஒப்படைக்க வேண்டும். நான் மெல்க்கியாதெஸ் சாமியாரிடம் போய், ஒரு பேச்சுக்காக, ஞானத்தகப்பன் உறவை முடித்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன்.

"வாத்தியாரே, ஊத்தின தண்ணிய யாரும் திருப்பி அள்ளினதில்ல. நரகத்துக்கே போனாலும் அந்தப் புள்ள நனைஞ்ச தலையோடதான் போகும், நீங்களும் கூடவே போய் ஏன்னு பதில் சொல்லணும்" என்றார்.

பதவியை விடலாமா என்றால், என் ஓய்வூதியம் உனக்குத் தெரியும். உன் பெரியம்மாவுக்கு ஒரு கண் அறுவை முடிந்தது. இன்னொரு கண் இந்தச் சம்பளத்தை நம்பிக் காத்திருக்கிறது. ஒரு பக்கம் அவள் கண், ஒரு பக்கம் அந்தக் குழந்தை. இரண்டையும் தராசில் வைக்கச் சொல்கிறவர்களுக்கு அது தராசு என்றே தெரியவில்லை.

ஆகவே தவறவிட்ட நான்காவது புள்ளிக்கு வருகிறேன், ஏனென்றால் நீ எனக்காக வாதாட வேண்டியது அதை வைத்துத்தான். ஞானத்தகப்பனாக இருப்பதால் யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லை. முதலாவதாக, செலவெல்லாம் என்னுடையது. கவுன், மெழுகுவர்த்தி, காசு, அவமானம். இரண்டாவதாக, பொன்சியானோ ஒரு பிசாசு. அதாவது எலுமிச்சை விஷயத்தில். முன்வரிசைப் பெட்டியைத் தொடவே மாட்டார். கடைசி வரிசை அடிப்பெட்டியை இழுத்து, ஒவ்வொரு காயையும் காம்புப் பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். நம் லாரியை அவர் திருப்பி அனுப்பாத பருவமில்லை. நான் சுவருக்கு மேல் எட்டிக் கெஞ்சியபோதுகூட, "பூச்சிக்கு உங்களத் தெரியாது வாத்தியாரே" என்றவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு குழந்தையின் தலையில் விழுந்த மூன்று கை தண்ணீருக்காகத் தன் முத்திரையை விற்பாரா? மூன்றாவதாக, இந்த உறவின் பேரில் நான் எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் தரவில்லை. கொடுக்கலும் வாங்கலும் இல்லாத இடத்தில் லஞ்சம் எங்கிருந்து வரும்? இதை நீ உன் சட்ட மொழியில், தேவையான இடத்தில் முத்திரையோடு, வெள்ளிக்குள் மிஸ் ஸ்ட்ராண்டுக்கு எழுத வேண்டும். இதுதான் ஆறாவது. நான் எழுதினால் தாழ்மையாக வந்துவிடுகிறது. நீ எழுதினால் பயப்படுவார்கள்.

ஹெர்லிந்தா உனக்கு முத்தம் சொல்கிறாள். சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறாள், அதைச் சொல்லாமல் கடிதத்தை மூட விடமாட்டேன் என்கிறாள். உன் வழக்குகளில் நியாயமானவை ஜெயிக்கட்டும். மற்றவை நாகரிகமாகத் தோற்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும் பெரியப்பா,
எவாரிஸ்தோ கமாச்சோ

பி.கு. – வியாழன். மழையில் அஞ்சல் வண்டி வராததால் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மழையால் காய் பறிப்பும் நின்றிருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு கூடத்திலிருந்து முதல் லாரி இன்று காலைதான் நிறைந்தது. பொன்சியானோ வந்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். ஹசிந்தா நன்றாகத் தூங்குகிறாள் என்றார். பிறகு லாரியின் பானெட்டில் காகிதத்தை வைத்து முத்திரை குத்திவிட்டார். ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"பாக்கலையா, பொன்சியானோ?"

"என்னத்த பாக்கறது கொம்பாத்ரே? உங்க பெட்டிய நான் கிண்டவா? என் பிள்ளைய ஏந்தின கை கட்டின சரக்கு இது. ஊர்ல என்ன பேசுவாங்க, என் மூஞ்சில காறித் துப்ப மாட்டாங்க?"

"எப்பவும் பாப்பீங்களே."

"அப்ப நீங்க வாத்தியாரு."

அவர் கண்ணில் கள்ளம் இல்லை, ஓத்திலியா. எனக்கு மரியாதை செய்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. நான் நேராக லாரிக்குள் ஏறினேன். இறங்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார், ஓட்டுநர் சிரித்தான். கடைசி வரிசை அடிப்பெட்டியை இழுத்துப் பிரித்து, ஒரு காயைக் காம்புப் பக்கம் திருப்பினேன். வெள்ளையாக, பஞ்சு தூவினதுபோல, மாவுப்பூச்சி. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். பொன்சியானோ காயை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் திறக்க வேணாம்னேன்" என்று முணுமுணுத்தார். பிறகு தன் முத்திரையின் மேல் தானே கோடு போட்டு, ரத்து என்று எழுதினார். லாரி இன்னும் கூடத்து வாசலில் நிற்கிறது.

ஒரு காசு கைமாறவில்லை. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார், எனக்கு நிச்சயம்.

ஆகவே நீ மிஸ் ஸ்ட்ராண்டுக்கு எதுவும் எழுத வேண்டாம். நானே எழுதி, பதவியை ஒப்படைத்துவிட்டேன். நான் கூடத்தில் இல்லாவிட்டால் அவர் பழையபடி பிசாசாகிவிடுவார். கண்ணைப் பற்றி ஹெர்லிந்தாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "உங்களப் பாக்க ஒரு கண்ணே அதிகம், போய் அந்தப் பிள்ளைய தூக்கிட்டு வாங்க" என்றாள். மற்ற புள்ளிகள் எல்லாம் சரி என்றே இன்னும் நினைக்கிறேன், அந்த 'வெளிநாட்டு அதிகாரி' என்ற சொல் சகிக்க முடியாதது என்பது உட்பட. நான்காவது புள்ளி தவறு.